கெசியாவின் சாட்சி

ஆராதனைக்குப் போடும் வெள்ளை ஃபிராக்கை சோபனா இரண்டாவது தடவையாக இஸ்திரி போட்டாள். முதல் தடவை போட்டதில் ஒரு குறையும் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

கூடத்தில் நவநீதன் மகளை எதிரே நிறுத்திச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். மூன்று வயது ஜோயல் அவன் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"என் பேரு கெசியா. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறேன்."

"ம், அப்புறம்?"

"எனக்கு ஃபிட்ஸ் வந்துனு இருந்துச்சு. இயேசப்பா எனக்கு சுகம் குடுத்தாரு."

"அதுக்கு அப்புறம்?"

அதற்கப்புறம் வரவில்லை.

"மாத்திரை மருந்து ஒண்ணும் இல்லாமயே... சொல்லும்மா."

கெசியா அப்பாவைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியோடு நின்ற அம்மாவைத்தான் பார்த்தாள். சோபனா குனிந்துகொண்டாள்.

"மாத்திரை மருந்து ஒண்ணும் இல்லாமயே இயேசப்பா என்னை சுகமாக்கினாரு," என்றாள் கெசியா, தெளிவாக.

நவநீதன் மகளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டான். "இதான். இன்னிக்கு சபைல மைக்குல இதே மாதிரி சாட்சி சொல்லணும். பயப்படக் கூடாது."

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் கெசியா தட்டின் மேலேயே விழுந்தாள்; கைகால் வெட்டி இழுத்தது. தகவல் வந்ததும் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்ஷனிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, அவளை நெஞ்சோடு அணைத்து வேலூருக்குக் கொண்டுபோனவன் நவநீதன்தான். தலையில் ஒயர் வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். காலை, மாலை என்று இரண்டு வேளை மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். சில வருஷம் ஆகும் என்றும் சொன்னார்.

அந்தச் சில வருஷத்தைத்தான் நவநீதனால் தாங்க முடியவில்லை. பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருப்பான். அப்படி இருந்தவன், மூன்று மாதத்துக்கு முன்னால் சபையில் நடந்த உபவாச ஜெபத்திலிருந்து வேறு ஆளாக வீட்டுக்கு வந்தான். பிள்ளையின் தலையில் கை வைத்தபோது தன் உள்ளங்கை சூடானதாம். சுகம் கிடைத்துவிட்டது என்று தனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதாம். இனி மாத்திரை கொடுப்பது தேவனை நம்பாத செயல் என்று அட்டையோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டான்.

சோபனா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளே வேறு அட்டை வாங்கி, அக்கா முறையில் ஆபா என்று தான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்தரி பேகத்திடம் கொடுத்துவைத்தாள். காலையில் அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு ஒன்று, சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால் ஒன்று. "அப்பாகிட்ட சொல்லாத கண்ணு," என்று மட்டும் மகளிடம் சொல்லிவைத்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. நவநீதனின் விசுவாசம் நாளுக்கு நாள் வளர்ந்தது. அவள் ஒளித்துக் கொடுத்த மாத்திரையே அவனுக்கு அற்புதமாக நின்றது. அவன் படுத்ததும் தூங்கிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது இன்றைக்கு மைக் வரை வந்து நின்றது.

"ஆபா வூட்டு டிபன் பாக்ஸ குடுத்துட்டு வந்துடறோம்," என்று கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அக்தரி பேகம் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரும் ஊற்றி வைத்தாள்.

"வாயத் தொறம்மா."

கெசியா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"லேட்டாவுது கெசியா. அப்பா வண்டிய எடுத்துடுவாரு."

"வேணாம்."

"இன்னா வேணாம்? தெனமும் போடறதுதானே?"

"நான் தெனமும் போடல."

சோபனாவுக்கு முதலில் புரியவில்லை. "போடலன்னா?"

"முழுங்கல. நாக்குக்கு அடியில வச்சினு அங்க போய்த் துப்பிடுவேன்." கெசியா கொல்லைப்புறத்து ஜலதாரையைக் கை காட்டினாள். "போன சண்டே ஸ்கூல்ல பாஸ்டரம்மா சொன்னாங்க. பொய் சொன்னா இயேசப்பா அழுவாராம். அன்னிக்கு வந்து அப்பா சொன்னாரு, அடுத்த வாரம் நீ சாட்சி சொல்லணும்னு. மாத்திரை போட்டுனு மாத்திரை இல்லாமன்னு சொன்னா அது பொய்தானே?"

சோபனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம். முந்தாநாள் பிள்ளையின் கையிலிருந்து தம்ளர் துள்ளி விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். நேற்று பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்று, சுவரைப் பார்த்துவிட்டு, மறுபடி பேசினாள். அதையும் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

"இப்ப போட்டுக்கோ. அம்மா கெஞ்சிக் கேக்கறேன்."

"சாட்சி சொல்லிட்டு வந்து போட்டுக்கறேன். அப்போ பொய் ஆவாதுல்ல?"

அக்தரி பேகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேட்டி, என் மவளே, இங்க பாரு. எங்க வூட்டுக்காரரு அஞ்சு வேளையும் தொழுவறாரு. தொழுதுட்டு வந்து இன்சுலின் ஊசி போட்டுக்கறாரு. அல்லா அவரக் கோவிச்சுக்கவா செய்றாரு?"

கெசியா யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அவரு ஊசி போடலன்னு மைக்குல சொல்றாரா?"

சோபனா மகளின் தாடையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பற்கள் கிட்டிக்கொண்டன. கண்ணில் நீர் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. வெளியே நவநீதன் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்தான். சோபனா மாத்திரை அட்டையை வேதாகமப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லிடு சோபனா," என்றாள் அக்தரி பேகம் மெதுவாக. "ரெண்டு அடி அடிச்சாலும் அடிக்கட்டும். சொல்லிடு."

"அவரு அடிக்கற ஆளு இல்ல ஆபா. அடிச்சா எப்பவோ சொல்லிருப்பேன்."

சபை இருந்தது ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் ஒரு பட்டறையின் மாடியில். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தாலும் ஒட்டுப் பசையின் வாடை படிக்கட்டு முழுக்க இருக்கும். மேலே ஏறியதும் சோபனா நேராகப் பாஸ்டரம்மாவைத் தேடிப் போனாள். அவர் ஸ்பீக்கர் ஒயரை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டரம்மா, கெசியாவுக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. இன்னிக்கு சாட்சி வேணாமே."

"ஏன் சிஸ்டர், இன்னா பண்ணுது? பாப்பா நல்லாதானே இருக்கா?" பாஸ்டரம்மா சிரித்தார். "டாக்டரே அதிசயப்பட்டுட்டாருன்னு பிரதர் சொன்னாரே. பாப்பா வாயால கேக்கணும்னு பாஸ்டருக்கு ஒரே ஆசை."

"எந்த டாக்டரு?"

"வேலூர் டாக்டருதான். திரும்ப டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்ல, மாத்திரைய நிறுத்திடுங்கன்னு சொன்னாருன்னு... நீங்களும் கூடத்தானே போயிருந்தீங்க?" சோபனாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "இல்லியா? டாக்டர் சொல்லாம நிறுத்தச் சொல்றவங்க இல்ல நாங்க. பாஸ்டரே சுகருக்கு மாத்திரை போட்டுனுதான் பிரசங்கம் பண்றாரு."

"இருங்க, கேட்டுனு வந்துடறேன்," என்று சோபனா படிக்கட்டுக்கு வந்தாள். நவநீதன் ஜோயலின் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரு நிறுத்தச் சொன்னாருன்னு இங்க சொன்னீங்களா?"

அவன் நிமிரவில்லை. செருப்பு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தான். மறுபடி எடுத்துத் தள்ளி வைத்தான்.

"எல்லாரும் கேட்டாங்க. டாக்டரு இன்னா சொல்றாரு, டாக்டரு இன்னா சொல்றாருன்னு. வாய்ல வந்துடுச்சு."

"நாம ஆஸ்பத்திரிக்கே போவலியே."

"போனா அதைத்தான் சொல்லப்போறாங்க. நான் கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன், அவ்ளோதான்." அவன் குரல் தாழ்ந்தது. "மூணு மாசமா மாத்திரை இல்ல. ஒரு தடவையாவது வந்துச்சா? நீயே சொல்லு."

சொல்ல வாயெடுத்தாள். மேலே கீபோர்டும் கஞ்சிராவும் ஒன்றாக ஆரம்பித்தன. அவன் ஜோயலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டான்.

பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, சாட்சி நேரம் வந்தது. சம்பத் பாஸ்டர் கெசியாவைக் கூப்பிட்டு, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி சோபனா உட்கார்ந்திருந்தாள். மகளின் இடது கையையே பார்த்தாள். விரல்கள் ஃபிராக்கின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன. கசக்குகிறாளா, தானாகத் துடிக்கிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை.

"என் பேரு கெசியா. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறேன். எனக்கு ஃபிட்ஸ் வந்துனு இருந்துச்சு. மாத்திரை மருந்து ஒண்ணும் இல்லாமயே இயேசப்பா என்னை சுகமாக்கினாரு."

ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று சபை முழுக்கக் குரல் எழுந்தது. நவநீதன் கண்ணை மூடிக் கையை உயர்த்தியிருந்தான். கன்னத்தில் நீர் ஓடியது.

சோபனா எழுந்து நின்றாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"பாஸ்டர், அவ சொல்றது நெசம். ஒரு வாரமாத்தான் நெசம்."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

"அதுக்கு முன்னாடி தெனமும் ரெண்டு வேளை நான் மாத்திரை குடுத்துனு இருந்தேன். அவங்கப்பாவுக்குத் தெரியாது. டாக்டரு நிறுத்தச் சொல்லல. இங்க பொய் சொல்லக் கூடாதுன்னு ஒரு வாரமா முழுங்காம துப்பிருக்கா. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்." அவள் வேதாகமப் பைக்குள் கையை விட்டாள். "இந்த வயசுல அவ ஒருத்திதான் எங்க வூட்ல நெசம் பேசிருக்கா. எப்ப வேணும்னாலும் அவளுக்கு வந்துடும் பாஸ்டர். மாத்திரை எங்கிட்டதான் இருக்கு."

கெசியா அம்மாவைப் பார்த்து, "நான் பொய் சொல்லலம்மா," என்றாள். அதுவும் மைக்கில் கேட்டது.

சம்பத் பாஸ்டர் ஆண்கள் பக்கம் திரும்பினார். "பிரதர், டாக்டரு சொன்னாருன்னு எங்கிட்ட சொன்னீங்களே?"

நவநீதனின் கை இன்னும் பாதி உயரத்தில் நின்றது. அதை மெல்ல இறக்கினான்.

"சரி, அதெல்லாம் அப்புறம். முதல்ல பாப்பாவுக்கு மாத்திரையக் குடுங்க சிஸ்டர்," என்றார் பாஸ்டர். அவர் முகம் வெளுத்திருந்தது. பாஸ்டரம்மா தண்ணீர் கொண்டுவந்தார். சோபனா மாத்திரையைப் பிரித்து மகளின் உதட்டருகே கொண்டுபோனாள்.

கெசியா அதை வாங்கவில்லை. கூட்டத்தில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, போட்டுக்கட்டா?"

சபை முழுவதும் அவனைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். ஒரு தலையசைப்புப் போதும். நவநீதன் மடியிலிருந்த ஜோயலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். மகளிடம்தான் வருகிறான் என்று சோபனா நினைத்தாள். அவன் படிக்கட்டுப் பக்கம் போனான். கீழே வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கெசியா வாயை மூடிக்கொண்டாள்.

சோபனா ஆட்டோ பிடித்து இரண்டு பிள்ளைகளோடும் வீட்டுக்கு வந்தாள். தேனில் குழைத்துப் பார்த்தாள், வாழைப்பழத்தில் வைத்துப் பார்த்தாள். பாஸ்டரே போனில் பேசினார், "போட்டுக்கம்மா, இயேசப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு," என்று. எல்லாவற்றுக்கும் கெசியாவிடம் ஒரே பதில்தான். "அப்பா சொல்லட்டும்."

அப்பாவின் போன் அணைந்தே கிடந்தது. வேலூர் ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டாள். உடனே மாத்திரையைக் கொடுங்கள், வலிப்பு வந்தால் நேரத்தைக் கடத்தாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார்கள். அக்தரி பேகத்தின் மகன் சுஹேல் அகமது, கூப்பிட்டால் உடனே வருவதாகச் சொல்லி வண்டியை வாசலிலேயே நிறுத்திவைத்தான்.

சாப்பிடும்போது கெசியாவின் இடது கை ஒரு வெட்டு வெட்டியது. சாதம் தரையில் சிதறியது. பிள்ளை பயந்துபோய்த் தன் கையைத் தானே வலது கையால் பிடித்துக்கொண்டாள். சோபனா சாதத்தைக் கூட்டி அள்ளினாள். வெயில் சாய்கிறவரை பார்ப்பது, அவன் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசியாவது போடச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் நவநீதன் வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. எங்கே போயிருந்தான் என்று அவள் கேட்கவில்லை. வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் என்னை இன்னா வேணும்னாலும் கேளுங்க."

"தெனமும் ஜெபத்துல நான் ஸ்தோத்திரம் சொல்லும்போது, நீ பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னே." அவன் சத்தம் போடவில்லை. "தெனமும் சொன்னே சோபனா. அப்போ உனக்கு உள்ள சிரிப்பு வந்துச்சா?"

"சிரிப்பு வரல. நீங்க தூங்கறதப் பாத்துனு இருந்தேன்."

"சபைல எல்லார் முன்னாடியும் சொன்னியே. எங்கிட்ட ஒரு தடவ சொல்லக் கூடாதா?"

"சொல்லிருக்கணும். என் தப்புதான். டாக்டரு பேரச் சொல்லி நீங்களும்தான்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "அவ கை வெட்டுதுங்க. மதியத்துலேர்ந்து ரெண்டு தடவ. உங்க ஒரு வார்த்தைக்குதான் உக்காந்துனு இருக்கா."

நவநீதனின் முகம் மாறியது. அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கெசியா சுவரில் சாய்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே மண்டிபோட்டான். அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அதையே பார்த்திருந்தான். அவன் உள்ளங்கைக்குள் அது லேசாக ஒருமுறை துடித்தது.

"மாத்திரை போட்டுக்கோம்மா."

"அப்போ எனக்கு சுகமாவலியாப்பா?"

சோபனா வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலம்மா," என்றான் நவநீதன்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கெசியாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சோபனா மாத்திரையைக் கொடுக்க, அவன் தம்ளரைப் பிடித்தான். பிள்ளை முழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

திரும்பி வந்தவன் சோபனாவைப் பார்க்காமல் சொன்னான். "நாளைக்கு லீவு போடறேன். கெசியாவ வேலூருக்குக் கூட்டினு போறேன். டாக்டரம்மாவ நானே கேக்கணும்."

"நானும் வரேன்."

"நீ வேணாம்."

"ஏங்க..."

"அவங்ககிட்ட நீ இன்னா சொல்லி வச்சிருக்கியோ எனக்குத் தெரியாது. தனியாப் போய் கேட்டுக்கறேன்."

அவன் சொன்னதில் கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதுபோல் பேசினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு மாத்திரை போட்டாக வேண்டும். அடுத்த வேளைக்குள் அவர்கள் திரும்புவார்களா, தெரியாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சோபனா நின்றாள். தன்னிடமே வைத்துக்கொண்டு, அவன் கவனிக்காத நேரம் பார்த்துக் காலை மாத்திரையைக் கொடுத்துவிடலாம். மூன்று மாதமாகப் பழகிய வேலைதான்.

அவள் அவனருகே போனாள்.

"காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு. நீங்களே குடுங்க."

நவநீதன் அட்டையை வாங்கினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புழுதிச் சட்டையின் பையில் அதைப் போட்டுக்கொண்டு, பாயை எடுத்துக்கொண்டு, மொட்டை மாடிக்கு ஏறிப் போனான்.